யந்திரத்தின் சாட்சி

கணக்குப் புத்தகம் பொய் சொல்லாது என்பது நம் போன்ற கிராணிமாரின் பழைய நம்பிக்கை. மனிதன் மறப்பான், மழுப்புவான், மாற்றிச் சொல்வான். கோடு கிழித்த தாளில் மையால் எழுதிய எண்ணோ நேற்றும் இன்றும் ஒன்றாகவே நிற்கும் என்று எண்ணி, அதன்மீது சாய்ந்தே நாம் பன்னிரண்டு ஆண்டுகள் பிழைப்பு நடத்தி வந்தோம். அந்த நம்பிக்கை 2024ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, ஈப்போ நகரத்து மோட்டார்ப் பட்டறை ஒன்றில், இரண்டு இரும்பு உருளைகளின்மீது உடைந்தது. அது உடைந்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பெருமையைச் சொல்ல வந்தோமல்லோம். நம் பிழையைச் சொல்ல வந்தோம்.

நமது தோட்டம் பேராக் மாநிலத்தில், மேடும் பள்ளமுமான நிலத்தில் அமைந்த செம்பனைத் தோட்டம். அதற்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. உரமூட்டை, மருந்துத் தோம்பு, அடிபட்ட தொழிலாளி, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண் ஆகிய யாவற்றையும் அதுவே சுமக்கும். அதன் யந்திரம் சிறியது. நான்கு சிலிண்டர், 2,494 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, டர்போ பொருத்திய டீசல் யந்திரம். நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 102 குதிரைசக்தி தரும் என்பது செய்தவர் ஏட்டில் எழுதியிருக்கும் கணக்கு. அதை ஓட்டுபவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தமிழர். நாம் அவரை அண்ணே என்போம். அவர் நம்மைக் கிராணி ஐயா என்பார். ஒரு மழைக்காலத்து நள்ளிரவில் நம் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டபோது, செம்மண் சேற்றில் வழுக்கிய அந்த வண்டியை வழுக்காமல் பிடித்து, ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தவர் அவரே. இதை இங்கே ஏன் சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அதுவரை எவரும் புரட்டிப் பாராத எரிபொருள் ஏட்டை நிர்வாகி அன்றுமுதல் மாதந்தோறும் கேட்கலானார். அவ்வேட்டை எழுதுபவர் நாமே. அதில் நான்கு பத்திகள் உண்டு: தேதி, ஓடிய தூரம், கொடுத்த லிட்டர், ஒப்பம். முன்னெல்லாம் ஒரு லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடிய வண்டி, மூன்று மாத காலத்தில் எட்டாகக் குறைந்திருப்பதை அப்பத்திகள் காட்டின. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட 120 லிட்டர் போதும் என்றிருந்தது. இப்போது 150 லிட்டர் செல்கிறது. மிகுதி 30 லிட்டர். பணமாகப் பார்த்தால் 100 வெள்ளி 50 காசு. அந்த முப்பது லிட்டர் எங்கே போயிற்று?

அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது என்றார் ஒருவர். டீசலில் பத்துப் பங்கு செம்பனை எண்ணெய்ச் சரக்கைக் கலக்கிறார்கள், அதுதான் காரணம் என்றார் மற்றொருவர். அக்கலப்பு 2019ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அது மூன்று மாதத்து நோய்க்குக் காரணமாகாது என்பதை அவர் எண்ணவில்லை. மூன்றாவது அபிப்பிராயத்தை எவரும் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் மனத்திலும் இருந்தது அதுவே. தோட்டத்துக் கொட்டகை மெக்கானிக் வண்டியை நிறுத்தி முடுக்கிப் பார்த்து, "பழுது ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். யந்திரத்தில் பழுதில்லையானால் மனிதனில்தானே பழுது இருக்க வேண்டும்? காரணம் கேட்கும் கடிதம் ஒன்றை எழுதும்படி நிர்வாகி பணித்தார். நாம் எழுதினோம். ஆங்கிலத்திலே கல்வி கற்ற நமக்கு அத்தகைய கடிதம் எழுதுவதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. திருடினாய் என்று ஓரிடத்திலும் சொல்லாமல், திருடினாய் என்பதை எல்லா வரியிலும் சொல்ல அம்மொழி நமக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆதலின் அக்கடிதத்தை நாமே அவருக்குப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நின்றபடியே கேட்டார்.

"நான் எண்ணெயை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறதா ஐயா?"

"அப்படி எழுதவில்லை அண்ணே. காரணம் கேட்டிருக்கிறது."

"காரணத்தை வண்டியிடம் கேளுங்கள் ஐயா. மேடு ஏறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது என்று உங்களிடம் மூன்று தடவை சொன்னேனே."

உண்மை, சொல்லியிருந்தார். நாம் கேட்டும் இருந்தோம். ஆனால் நமது ஏட்டில் மூச்சு வாங்குவதை எழுத ஒரு பத்தி இல்லை. ஆதலால் அது எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அது நடக்கவும் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் சொன்னது எத்தனை உண்மை என்பதை அன்று இரவு படுக்கையில்தான் உணர்ந்தோம். நம் தாயார் பக்கத்து அறையில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணனே ஒரு வழி சொன்னார். அவருடைய தமக்கையின் மகன் ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கே வண்டியை ஓரிடத்தில் நிறுத்தியபடியே மேடு ஏற்றிப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. நிர்வாகியிடம் அனுமதி கேட்டோம். "ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள், செலவு கம்பெனியைச் சேராது" என்றார். செலவை நாம் ஏற்றுக்கொண்டோம்.

அக்கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். பட்டறைக்காரர் சுருக்கமாக டைனோ என்பர். பெயர் பெரிதே தவிர விஷயம் எளிது. சுழலும் யந்திரத்தைத் தடுத்து நிறுத்தப் பார்ப்பது, அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை அளப்பது, அவ்வளவுதான். 1821ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் புரோனி என்பார் சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுகப் பிடித்து, அவற்றோடு ஒரு நீண்ட கோலைப் பிணைத்து, கோலின் நுனியில் எடை தொங்கவிட்டு யந்திரத்தின் பலத்தை அளந்தார். இன்றைய கருவியில் கட்டைக்குப் பதிலாக மின்காந்தம் தடுக்கிறது. தொங்கும் எடைக்குப் பதிலாக மின் தராசு நிறுக்கிறது. தத்துவம் ஒன்றே.

டீசல் யந்திரம் உலகத்தாரால் ஒப்புக்கொள்ளப்பட்டதும் இத்தகைய சோதனையின் பின்னரே. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் தம் யந்திரத்தைப் பற்றி எத்தனையோ எழுதினார், பேசினார். ஆயினும் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, ஆக்ஸ்பர்க் நகரில், மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதைத் தடைக் கருவியில் பூட்டி அளந்து, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று கண்டு சொன்ன பிறகே அப்பேச்சுக்கு மதிப்பு வந்தது. ஆண்டவன் பெயரால் ஆணையிட்டு அவர் அதை மெய்ப்பிக்கவில்லை. பாரம் ஏற்றி மெய்ப்பித்தார்.

பட்டறைக்குப் போனோம். தரையில் ஒரு பள்ளம், பள்ளத்தில் உருளைகள். பிக்கப்பின் பின்சக்கரங்களை உருளைமீது ஏற்றி, நான்கு பட்டைகளால் வண்டியைத் தரையோடு இறுகக் கட்டினர். முன்னே ஆள் உயர விசிறி ஒன்று; ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் காற்றை நிற்கும் வண்டிக்கு அது கொடுக்கும். புகைக்குழாய்க்கு ஒரு தும்பிக்கை மாட்டி வெளியே விட்டனர். தண்ணீர் சூடேறும்வரை காத்திருந்து, நான்காம் கியரில் போட்டு, 1,500 சுற்றிலிருந்து மிதிகட்டையை முற்றும் அழுத்தி 4,000 சுற்றுவரை கொண்டுபோயினர். நிற்கும் வண்டி, பறக்கும் வண்டியைப் போல அலறியது. அண்ணன் சுவரோரம் கைகட்டி நின்றார். நீதிமன்றத்தில் தீர்ப்புக்குக் காத்து நிற்பவரைப் போல நின்றார் என்பது மிகையாகாது.

மருமகனாகிய இளைஞர் ஒரே ஓட்டத்தை நம்பவில்லை. மும்முறை ஓட்டினார். "ஒரு தடவை வந்த எண் எண்ணல்ல ஐயா, திரும்பத் திரும்ப வந்தால்தான் எண்" என்றார். நம் கிராணித் தொழிலுக்கே இச்சொல்லைப் பொன்னெழுத்தில் பொறித்து வைக்கலாம். மும்முறையும் சக்கரத்தில் 64 குதிரைசக்தியே வந்தது.

"ஏட்டில் 102 என்றல்லவா இருக்கிறது? முப்பத்தெட்டு எங்கே?" என்று கேட்டோம். கிராணிப் புத்தி அப்படித்தான் கேட்கும். இளைஞர் சிரித்தார். ஏட்டிலுள்ளது யந்திரத்தில் பிறக்கும் சக்தி. உருளையில் தெரிவது சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி. இடையே கியர்ப்பெட்டி, அச்சு, டயர் ஆகியவை தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். அன்றைய வெயிலும் ஒரு பங்கு எடுக்கும். சூடான காற்று இலேசானது. ஆதலின் ஏட்டையும் உருளையையும் ஒப்பிடுவது தவறு. ஒரே உருளையில் ஏறிய இரண்டு வண்டிகளை ஒப்பிடுவதே சரி. அவரிடம் இதே யந்திரம் பூட்டிய சொந்தப் பிக்கப் ஒன்று உண்டு. அது இதே உருளையில் 85 காட்டியிருக்கிறது. எனவே காணாமற் போனது முப்பத்தெட்டு அன்று; இருபத்தொன்று.

அதனினும் முக்கியமானது முறுக்குவிசை. பள்ளிக்கூடத்தில் அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லி, சூத்திரத்தையும் எழுதி, நாம் முதல்தர மதிப்பெண் வாங்கினோம். எனினும் உரமூட்டையோடு வண்டியை மேட்டில் ஏற்றுவது அதுவே என்று அன்றுதான் விளங்கியது. முறுக்குவிசையைச் சுற்றின் எண்ணால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி வரும். நம் வண்டி மேடேறும் 2,000 சுற்றில், திரையிலே முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர் மட்டுமே. சக்தி 31 கிலோவாட் சொச்சம். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், இருக்க வேண்டிய அளவில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. புகைக்குழாயிலிருந்து மை போன்ற புகை வந்தது.

காற்றுப் பாதையின் வாயை அடைத்து, உள்ளே அழுத்தமான காற்றைச் செலுத்தி, குழாய்களின்மீது சோப்புத் தண்ணீரைத் தெளித்தார் இளைஞர். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் பெட்டிக்குப் போகும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், குமிழிகள் கொப்பளித்தன. விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு! யந்திரம் வெறுமனே நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். பாரம் ஏறி அழுத்தம் வரும்போது மட்டும் வாய் திறக்கும். கொட்டகையில் நிறுத்திப் பார்த்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

காற்று ஒழுகினால் எண்ணெய் ஏன் மிகுதியாகச் செல்ல வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம், நாமும் கேட்டோம். இளைஞர் சொன்ன விடை நம் நெஞ்சில் தைத்தது. யந்திரத்துக்குள் போகும் காற்றை, வடிகட்டியை அடுத்த வாயிலிலேயே ஒரு கருவி அளக்கிறது. அந்த அளவைப் பார்த்தே மின்மூளை எண்ணெயை அளந்து விடுகிறது. ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய ஏறத்தாழ 14½ கிலோ காற்று வேண்டும். புகையின்றி எரிய இன்னும் மிகுதியாகவே வேண்டும். வாயிலில் கணக்கெழுதிய காற்று, வழியிலே வெடிப்பின் மூலம் தப்பிவிட்டது. சிலிண்டரை அடைந்தது குறைந்த காற்று. ஆனால் எண்ணெயோ எழுதிய கணக்குப்படி வந்தது. காற்றுப் போதாத எண்ணெய் அரைகுறையாய் வெந்து கரும்புகையாய்ப் போயிற்று. பலம் குறையவே, மேடேற அண்ணன் மிதிகட்டையை மேலும் அழுத்தினார். மேலும் எண்ணெய், மேலும் புகை. முப்பது லிட்டர் எவர் வீட்டுக்கும் போகவில்லை. செம்பனை மரங்களுக்கு மேலே புகையாய்ப் போயிற்று.

அந்த யந்திரத்தின் மின்மூளையும் நம்மைப் போல ஒரு கிராணியே! வாயிலில் நுழைந்ததை எழுதிக்கொண்டது. உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. தன் கணக்கு சரி என்றே நம்பியது. அதன் கணக்கில் பிழையும் இல்லை. ஆயினும் உண்மை வேறாக இருந்தது.

புதுக்குழாய் மாட்டி, காற்றளக்கும் கருவியைத் துடைத்து, வண்டியை மீண்டும் ஓட்டினர். மும்முறையும் 84 குதிரைசக்தி. 2,000 சுற்றில் முறுக்குவிசை 150லிருந்து 215 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. சக்தி 45 கிலோவாட். புகை இல்லை. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை; புகைக்குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எண் நமக்குச் சாட்சி. புகை அவருக்குச் சாட்சி.

"இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா?" என்று ஆசை நமக்கும் எழாமலில்லை. இளைஞர் தம் சொந்த வண்டியை உருளைமீது ஏற்றி அந்த வித்தையையும் காட்டினார். மின்மூளையில் ஓர் அட்டவணை இருக்கிறது: இத்தனை சுற்றில், இவ்வளவு மிதித்தால், இத்தனை எண்ணெய், இந்த நொடியில் என்று. அதைத் திருத்தி எழுதுவதே டியூனிங் என்பது. வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்றதே இதுவும். தந்தியை முறுக்க முறுக்க நாதம் ஏறும், அளவு தப்பினால் அறும். முதல் திருத்தத்தில் அவர் எண்ணெயைத் தாராளமாகக் கூட்டினார்; 85 என்றிருந்தது 108 ஆயிற்று! நாம் கைதட்டினோம். அவரோ முகம் சுளித்து உடனே காலை எடுத்துவிட்டார். டர்போ வேகம் பிடிக்குமுன்பே எண்ணெய் வந்துவிட்டதால் கரும்புகை. வெளியேறும் வாயுவின் வெப்பம் 780 பாகையைத் தாண்டியது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியமே 660 பாகையில் உருகும். நொடி நேரம் தாங்கலாம். பாரத்தோடு மலையேறும் பத்து நிமிடம் தாங்குமா? பின்னர், காற்று வந்து சேரும்வரை எண்ணெயைக் குறைத்து, வந்த பின்னர் சிறிதே கூட்டி, மறுபடி மறுபடி அளந்து, 98இல் நிறுத்தினார். புகை இல்லை, வெப்பம் 700க்குள் அடங்கியது. "108 பேசிக்கொள்வதற்கு ஐயா; 98 வீடு போய்ச் சேர்வதற்கு" என்றார்.

தோட்டத்து வண்டியில் அவ்வித்தையைச் செய்ய நாம் ஒப்பவில்லை. அது ஆட்களைச் சுமக்கும் வண்டி. நமக்குச் சொந்தமும் அன்று. இழந்ததைப் பெற்றோம், அது போதும்.

திரும்பும் வழியில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடுங்கள் ஐயா, நீங்கள் எழுதத்தானே செய்தீர்கள்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நமக்கு அது ஆறுதலாக இல்லை. எழுதத்தானே செய்தோம்! காரணம் கேட்கும் கடிதம் ரப்பர்க் குழாய்க்கு ஏன் போகவில்லை? கொட்டகைக்கு ஏன் போகவில்லை? ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவரிடமே அது ஏன் நேரே போயிற்று? பாரம் எங்கே இலேசாக இறங்குமோ அங்கே அதை இறக்குவது நம் வழக்கமாகிவிட்டது. தோட்டத்திலும் பட்டணத்திலும் அலுவலகங்களில் அமர்ந்திருக்கும் நம் போன்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யந்திரமானாலும் மனிதனானாலும், சுமக்கும்போது பாருங்கள், மும்முறை பாருங்கள், பின்னர் எழுதுங்கள்.

திங்கட்கிழமை, டைனோ கொடுத்த இரண்டு வரைபடங்களையும் இணைத்து, இரண்டாவது கடிதம் ஒன்றை நிர்வாகிக்கு எழுதினோம். இம்முறை ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்ளவில்லை. குற்றமில்லை என்பதை நேராகவே எழுதினோம். அவர் படித்துப் பார்த்து முதல் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் வண்டி 1,180 கிலோமீட்டர் ஓடி 119 லிட்டர் செலவிட்டது.

எரிபொருள் ஏட்டில் நாம் ஐந்தாவதாக ஒரு பத்தி கோடு கிழித்திருக்கிறோம். அதன் தலைப்பு "ஓட்டுநர் சொல்வது." அதைத் தமிழில் எழுதலாம் என்று அண்ணனிடம் சொன்னோம். முதல் நாள் அவர் எழுதியது இரண்டே வரி:

"மேடு ஏறுகிறது. மூச்சு வாங்கவில்லை."